தொலைவு, வேகம், நேரம் பற்றிய சொற்கணக்குகள்

தொலைவு, வேகம், நேரம் பற்றிய சொற்கணக்குகள் என்பவை, இயங்கும் ஒரு பொருள் கடக்கும் தொலைவு, அதன் வேகம், அதற்கு எடுக்கும் நேரம் ஆகிய மூன்றில் தெரிந்தவற்றைக் கொண்டு தெரியாததைக் காணும் கணக்குகள் ஆகும். தொடர்வண்டிகள் எதிரெதிரே வருதல், ஒரு வண்டி மற்றொன்றைத் துரத்திப் பிடித்தல், படகு நீரோட்டத்தில் செல்லுதல் முதலிய வடிவங்களில் இவை பள்ளிப் பாடநூல்களிலும் வேலைவாய்ப்புக்கான போட்டித் தேர்வுகளிலும் இடம்பெறுகின்றன. இவற்றைத் தீர்க்க இயற்கணிதம் பயன்படுகிறது. தெரியாத அளவை ஓர் எழுத்தால் குறித்து, கணக்கில் சொல்லப்பட்ட செய்தியைச் சமன்பாடாக எழுதி, அச்சமன்பாட்டைத் தீர்ப்பதே இதன் வழிமுறையாகும். நிலநடுக்கம் நிகழ்ந்த இடத்தின் தொலைவைக் கணித்தல், ஆழிப்பேரலை கரையை அடையும் நேரத்தை முன்கூட்டியே சொல்லுதல் ஆகியவையும் அடிப்படையில் இவ்வகைக் கணக்குகளே.

கலைச்சொற்கள்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் திசையைக் கருதாத அளவு வேகம் என்றும், திசையையும் சேர்த்துக் கருதும் அளவு திசைவேகம் என்றும் வழங்கப்படுகின்றன. இலங்கைப் பாடநூல்களில் முன்னது கதி என்றும் பின்னது வேகம் என்றும் வழங்கப்படுகின்றன. எனவே வேகம் என்னும் ஒரே சொல் இரு நாடுகளிலும் வேறுவேறு பொருளைத் தருகிறது என்பதை மாணவர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும். தொலைவு என்பதற்குத் தூரம் என்ற சொல்லும் பரவலாக உள்ளது. இக்கட்டுரையில் வேகம் என்பது திசையைக் கருதாத அளவையே குறிக்கும்.

அடிப்படைத் தொடர்பு

ஓரலகு நேரத்தில் கடக்கும் தொலைவே வேகம் ஆகும். தொலைவைத் தொ என்றும், வேகத்தை வே என்றும், நேரத்தை நே என்றும் குறித்தால், மாறாத வேகத்தில் செல்லும் பொருளுக்குப் பின்வரும் தொடர்பு பொருந்தும்:

தொ = வே × நே

இதிலிருந்து மற்ற இரண்டும் கிடைக்கின்றன:

வே = தொ ÷ நே
நே = தொ ÷ வே

மூன்றையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முதலாவது நினைவில் இருந்தால், இருபுறமும் ஒரே அளவால் வகுத்து மற்றவற்றைப் பெறலாம். நேரம் மாறாதபோது தொலைவு வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். தொலைவு மாறாதபோது நேரம் வேகத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். இந்த எதிர்விகிதமே இவ்வகைக் கணக்குகளில் நேரும் பல குழப்பங்களுக்கு அடிப்படையாகும்.

அலகுகள்

சமன்பாட்டில் இடம்பெறும் அளவுகள் ஒத்த அலகுகளில் இருத்தல் வேண்டும். வேகம் கிமீ/மணி எனத் தரப்பட்டால் தொலைவு கிலோமீட்டரிலும் நேரம் மணியிலும் இருக்க வேண்டும். 1 கிலோமீட்டர் 1000 மீட்டர், 1 மணி 3600 நொடி ஆதலால்,

1 கிமீ/மணி = 1000 ÷ 3600 மீ/நொடி = 5/18 மீ/நொடி
1 மீ/நொடி = 18/5 கிமீ/மணி = 3.6 கிமீ/மணி

எடுத்துக்காட்டாக, 2009 ஆம் ஆண்டு பெர்லினில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடிக் கடந்தார். அவருடைய சராசரி வேகம் 100 ÷ 9.58 = 10.44 மீ/நொடி. இதை 3.6 ஆல் பெருக்க, ஏறத்தாழ 37.6 கிமீ/மணி எனக் கிடைக்கும்.

தீர்க்கும் முறை

பெரும்பாலான கணக்குகளைப் பின்வரும் ஒழுங்கில் தீர்க்கலாம்.

1. கணக்கை முழுமையாகப் படித்து, எது கேட்கப்படுகிறது என்பதை உறுதி செய்துகொள்ளல்.
2. இயங்கும் பொருள்களைக் கோட்டுப்படமாக வரைந்து, திசைகளை அம்புக்குறியால் காட்டுதல்.
3. தெரியாத அளவுக்கு ஓர் எழுத்தை இட்டு, அது எதைக் குறிக்கிறது, எந்த அலகில் உள்ளது என்பதை எழுதிவைத்தல்.
4. ஒவ்வொரு பொருளுக்கும் வேகம், நேரம், தொலைவு மூன்றையும் அட்டவணையில் நிரப்புதல். எவையேனும் இரண்டை நிரப்பினால் மூன்றாவது அடிப்படைத் தொடர்பிலிருந்து கிடைத்துவிடும்.
5. இதுவரை பயன்படுத்தாத செய்தியைக் கண்டறிந்து சமன்பாடு அமைத்தல். இரு தொலைவுகள் சமம், இரு தொலைவுகளின் கூடுதல் தெரியும், இரு நேரங்களின் வேறுபாடு தெரியும் என்பன போன்றவை அச்செய்தியாக இருக்கும்.
6. சமன்பாட்டைத் தீர்த்து, கிடைத்த விடையை மூலக்கணக்கில் இட்டுச் சரிபார்த்தல்.

மாணவர்கள் பெரும்பாலும் இடர்ப்படுவது ஐந்தாம் படியிலேயே ஆகும். அட்டவணையை நிரப்பியபின், "கணக்கில் சொல்லப்பட்டும் அட்டவணையில் இடம்பெறாத செய்தி எது?" என்று கேட்டுக்கொண்டால் சமன்பாடு தென்படும்.

கணக்கு வகைகள்

எதிரெதிரே வருதல்

கணக்கு: இரு நகரங்களுக்கு இடையே 300 கிமீ தொலைவு உள்ளது. முதல் நகரிலிருந்து காலை 6 மணிக்கு ஒரு தொடர்வண்டி 60 கிமீ/மணி வேகத்தில் புறப்படுகிறது. இரண்டாம் நகரிலிருந்து காலை 7 மணிக்கு மற்றொரு தொடர்வண்டி 90 கிமீ/மணி வேகத்தில் எதிரே வருகிறது. அவை எப்போது சந்திக்கும்?

முதல் வண்டி புறப்பட்டு க மணி நேரம் கழித்துச் சந்திப்பு நிகழ்வதாகக் கொள்க. இரண்டாம் வண்டி ஒரு மணி நேரம் பிந்திப் புறப்பட்டதால் அது ஓடிய நேரம் க − 1 ஆகும்.

வண்டி | வேகம் | நேரம் | தொலைவு
முதலாவது | 60 | க | 60க
இரண்டாவது | 90 | க − 1 | 90(க − 1)

சந்திக்கும்போது இரண்டும் சேர்ந்து முழுத் தொலைவையும் கடந்திருக்கும். ஆகவே,

60க + 90(க − 1) = 300
150க = 390
க = 2.6

2.6 மணி என்பது 2 மணி 36 நிமிடம் ஆகும். 2 மணி 6 நிமிடம் அன்று. எனவே காலை 8.36 மணிக்கு அவை சந்திக்கும். சரிபார்த்தல்: முதல் வண்டி கடந்தது 60 × 2.6 = 156 கிமீ. இரண்டாவது கடந்தது 90 × 1.6 = 144 கிமீ. கூடுதல் 300 கிமீ.

சமன்பாட்டில் 150 என்ற எண் இரு வேகங்களின் கூட்டுத்தொகையாக அமைந்திருப்பதைக் காணலாம். எதிரெதிரே வரும் பொருள்களின் சார்பு வேகம் அவற்றின் வேகங்களின் கூடுதல் ஆகும்.

துரத்திப் பிடித்தல்

கணக்கு: ஒரு பேருந்து காலை 8 மணிக்கு 45 கிமீ/மணி வேகத்தில் புறப்படுகிறது. அதே இடத்திலிருந்து 8.40 மணிக்கு ஒரு மகிழுந்து 75 கிமீ/மணி வேகத்தில் அதே வழியில் செல்கிறது. மகிழுந்து பேருந்தை எங்கே, எப்போது எட்டிப்பிடிக்கும்?

மகிழுந்து ஓடிய நேரம் க மணி எனில், பேருந்து ஓடிய நேரம் க + 2/3 மணி (40 நிமிடம் = 2/3 மணி). எட்டிப்பிடிக்கும்போது இரண்டும் கடந்த தொலைவு சமம்.

75க = 45(க + 2/3)
75க = 45க + 30
30க = 30
க = 1

மகிழுந்து ஒரு மணி நேரம் ஓடி, 9.40 மணிக்கு, 75 கிமீ தொலைவில் பேருந்தை எட்டிப்பிடிக்கும். ஒரே திசையில் செல்லும் பொருள்களின் சார்பு வேகம் அவற்றின் வேகங்களின் வேறுபாடு ஆகும். இங்கே பேருந்து முதல் 40 நிமிடத்தில் பெற்ற 30 கிமீ முன்னிலையை மகிழுந்து மணிக்கு 30 கிமீ வீதம் குறைக்கிறது.

சென்று திரும்புதல்

கணக்கு: ஒருவர் ஓர் ஊருக்கு 60 கிமீ/மணி வேகத்தில் சென்று, அதே வழியில் 40 கிமீ/மணி வேகத்தில் திரும்புகிறார். மொத்தப் பயண நேரம் 5 மணி. ஊரின் தொலைவு என்ன? சராசரி வேகம் என்ன?

தொலைவு க கிமீ எனில்,

க/60 + க/40 = 5

இருபுறமும் 120 ஆல் பெருக்க, 2க + 3க = 600; க = 120 கிமீ. மொத்தத் தொலைவு 240 கிமீ, மொத்த நேரம் 5 மணி. ஆகவே சராசரி வேகம் 48 கிமீ/மணி.

60, 40 ஆகியவற்றின் கூட்டுச் சராசரியான 50 விடையன்று. குறைந்த வேகத்தில் பயணி கூடுதல் நேரம் செலவிடுவதால் சராசரி அவ்வேகத்தை நோக்கிச் சாய்கிறது. சம தொலைவுகளுக்குச் சராசரி வேகம் இரு வேகங்களின் இசைச் சராசரி ஆகும்: 2 × 60 × 40 ÷ (60 + 40) = 48. சம நேரங்களுக்கு மட்டுமே கூட்டுச் சராசரி பொருந்தும்.

இதன் தொடர்ச்சியாக மற்றொரு வினா எழுப்பப்படுவதுண்டு. 60 கிமீ தொலைவை 30 கிமீ/மணி வேகத்தில் சென்றவர், போய்வருவதற்கான சராசரி வேகம் 60 கிமீ/மணி ஆக வேண்டுமெனில் எவ்வேகத்தில் திரும்ப வேண்டும்? 90 என்று சொல்லத் தோன்றும். ஆனால் 120 கிமீ தொலைவுக்குச் சராசரி 60 ஆக வேண்டுமெனில் மொத்த நேரம் 2 மணியே. அந்த 2 மணியும் போகும்போதே செலவாகிவிட்டது. திரும்பும் வேகத்தை க எனக் கொண்டால் 2 + 60/க = 2 என்ற சமன்பாடு கிடைக்கும். இதற்குத் தீர்வு இல்லை. எவ்வளவு விரைந்தாலும் அச்சராசரியை எட்ட இயலாது.

தொடர்வண்டியின் நீளம்

நீளமுள்ள பொருள் ஒன்று ஓரிடத்தைக் கடக்கும்போது அதன் நீளத்தையும் கருத வேண்டும். ஒரு கம்பத்தைக் கடக்க வண்டி தன் நீளத்துக்குச் சமமான தொலைவு ஓட வேண்டும். நடைமேடையைக் கடக்கத் தன் நீளமும் நடைமேடையின் நீளமும் சேர்ந்த தொலைவு ஓட வேண்டும்.

கணக்கு: ஒரு தொடர்வண்டி ஒரு கம்பத்தை 12 நொடியிலும், 360 மீட்டர் நீளமுள்ள நடைமேடையை 30 நொடியிலும் கடக்கிறது. வண்டியின் நீளமும் வேகமும் யாவை?

நீளம் ப மீட்டர், வேகம் க மீ/நொடி எனில்,

ப = 12க
ப + 360 = 30க

முதலாவதை இரண்டாவதில் பதிலிட, 12க + 360 = 30க; 18க = 360; க = 20 மீ/நொடி, அதாவது 72 கிமீ/மணி. வண்டியின் நீளம் 240 மீட்டர்.

நீரோட்டத்தில் படகு

அசையா நீரில் படகின் வேகம் க, நீரோட்டத்தின் வேகம் ப எனில், நீரோட்டத் திசையில் படகின் வேகம் க + ப. எதிர்த்திசையில் க − ப. ஒரு படகு 24 கிமீ தொலைவை நீரோட்டத் திசையில் 2 மணியிலும் எதிர்த்திசையில் 3 மணியிலும் கடந்தால்,

க + ப = 12
க − ப = 8

இவற்றைக் கூட்டினால் 2க = 20. எனவே க = 10 கிமீ/மணி, ப = 2 கிமீ/மணி. காற்றின் திசையிலும் எதிர்த்திசையிலும் பறக்கும் வானூர்திக்கும் இதே முறை பொருந்தும்.

இருபடிச் சமன்பாட்டில் முடிபவை

கணக்கு: 300 கிமீ பயணத்தில் ஒரு வண்டி வழக்கத்தைவிட 10 கிமீ/மணி குறைவான வேகத்தில் சென்றதால் 1 மணி தாமதமாகிறது. வழக்கமான வேகம் என்ன?

வழக்கமான வேகம் க எனில்,

300/(க − 10) − 300/க = 1
300க − 300(க − 10) = க(க − 10)
க² − 10க − 3000 = 0
(க − 60)(க + 50) = 0

க = 60 அல்லது க = −50. வேகம் எதிர்மமாக இருக்க இயலாது என்பதால் விடை 60 கிமீ/மணி. சரிபார்த்தல்: 300 ÷ 60 = 5 மணி; 300 ÷ 50 = 6 மணி.

வரலாறு

துரத்துதல் பற்றிய சிந்தனை மிகப் பழமையானது. கி.மு. 5 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மெய்யியலாளர் சீனோ, விரைந்தோடும் அக்கிலீசு முன்னே செல்லும் ஆமையை ஒருபோதும் பிடிக்க இயலாது என்று வாதிட்டார். அக்கிலீசு ஆமை இருந்த இடத்தை அடைவதற்குள் அது சிறிது முன்னேறிவிடும் என்பது அவர் வாதம். அக்கிலீசின் வேகம் 10 மீ/நொடி, ஆமையின் வேகம் 1 மீ/நொடி, ஆமையின் முன்னிலை 90 மீட்டர் எனக் கொண்டால், 10க = 90 + க என்ற சமன்பாட்டிலிருந்து க = 10 நொடி எனக் கிடைக்கிறது. முடிவிலாத படிகளாகப் பிரித்தாலும் அவற்றின் மொத்த நேரம் முடிவுள்ளதே. ஆயினும் சமன்பாடு எப்போது பிடிப்பார் என்பதை மட்டுமே சொல்கிறது. முடிவிலாத படிகள் எவ்வாறு முடிவுறுகின்றன என்ற கேள்விக்கு எல்லை என்னும் கருத்து தேவைப்பட்டது.

இந்தியக் கணிதவியலாளர் ஆரியபட்டர் கி.பி. 499 இல் இயற்றிய ஆரியபட்டீயத்தின் கணிதபாதம் என்னும் பகுதியில் இருபொருள்களின் சந்திப்புக்கான பொது விதி தரப்பட்டுள்ளது. பொருள்கள் எதிர்த்திசைகளில் இயங்கினால் இடைத்தொலைவை வேகங்களின் கூடுதலாலும், ஒரே திசையில் இயங்கினால் வேறுபாட்டாலும் வகுக்க வேண்டும் என்பது அவ்விதி. கோள்களின் சந்திப்பைக் கணிக்க வானியலில் இது பயன்பட்டது. மேலே சார்பு வேகம் என்று சொல்லப்பட்டதும் இதுவே.

யார்க் நகரைச் சேர்ந்த அல்குயின் (இறப்பு: 804) தொகுத்ததாகக் கருதப்படும் இலத்தீன் கணக்குத் தொகுப்பில் நாயும் முயலும் பற்றிய கணக்கு உள்ளது. முயல் 150 அடி முன்னே உள்ளது. நாயின் ஒரு பாய்ச்சல் 9 அடி, முயலினுடையது 7 அடி. ஒவ்வொரு பாய்ச்சலிலும் இடைவெளி 2 அடி குறைவதால் 75 பாய்ச்சல்களில் நாய் முயலைப் பிடிக்கும்.

ஏறத்தாழ கி.பி. 820 இல் பாக்தாதில் அல்-குவாரிசுமி எழுதிய நூல் சமன்பாடுகளைத் தீர்க்கும் முறையை ஒழுங்குபடுத்தியது. எனினும் அதில் எல்லாம் சொற்களாலேயே எழுதப்பட்டன. தெரியாத அளவுகளுக்கு எழுத்துகளை இடும் முறை 16, 17 ஆம் நூற்றாண்டுகளில் வியேட், டேக்கார்ட் ஆகியோரின் நூல்களால் நிலைபெற்றது.

பயன்பாடுகள்

நிலநடுக்கத்தின் தொலைவு

நிலநடுக்கத்தின்போது இருவகை அலைகள் நிலத்தின் ஊடாகப் பரவுகின்றன. முதன்மை அலை புவியோட்டில் ஏறத்தாழ 6 கிமீ/நொடி வேகத்திலும், இரண்டாம் அலை ஏறத்தாழ 3.5 கிமீ/நொடி வேகத்திலும் செல்கின்றன. நடுக்கம் எப்போது தொடங்கியது என்பது நிலையத்துக்குத் தெரியாது. ஆனால் இரு அலைகளும் வந்துசேரும் நேர வேறுபாடு கருவியில் பதிவாகும். அவ்வேறுபாடு 20 நொடி எனில், தொலைவு க கிமீ எனக் கொண்டு,

க/3.5 − க/6 = 20
6க − 3.5க = 420
க = 168 கிமீ

ஒரு நிலையம் தொலைவை மட்டுமே தரும்; திசையைத் தராது. மூன்று நிலையங்களிலிருந்து வட்டங்கள் வரைந்தால் அவை வெட்டும் இடம் நடுக்க மையத்தைக் காட்டும். மேலும், கூடுதல் அழிவை விளைவிக்கும் இரண்டாம் அலை பிந்தியே வருவதால், முன்னதைக் கொண்டு சில நொடிகளுக்கு முன் எச்சரிக்கை விடுக்க இயலும். சப்பானில் இத்தகைய எச்சரிக்கை முறை 2007 ஆம் ஆண்டு பொதுமக்களுக்கு நடைமுறைக்கு வந்தது.

ஆழிப்பேரலை

ஆழ்கடலில் ஆழிப்பேரலையின் வேகம், ஈர்ப்பு முடுக்கத்தையும் கடலின் ஆழத்தையும் பெருக்கி எடுக்கும் வர்க்கமூலம் ஆகும். 4000 மீட்டர் ஆழத்தில் இது ஏறத்தாழ 198 மீ/நொடி, அதாவது சுமார் 710 கிமீ/மணி. இவ்வேகத்தில் 1400 கிமீ தொலைவைக் கடக்க 1400 ÷ 710, அதாவது ஏறத்தாழ 2 மணி நேரம் ஆகும்.

2004 திசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அருகே இந்திய நேரப்படி காலை 6.29 மணியளவில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் எழுந்த அலைகள் இலங்கையின் கிழக்குக் கரையையும் தமிழ்நாட்டுக் கரையையும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்தே அடைந்தன. அந்த இடைவெளி மக்களைக் கரையிலிருந்து அப்புறப்படுத்தப் பயன்பட்டிருக்கக்கூடும். ஆனால் அப்போது இந்தியப் பெருங்கடலில் ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லை. இந்தியாவின் எச்சரிக்கை மையம் 2007 ஆம் ஆண்டு ஐதராபாத்தில் தொடங்கப்பட்டது.

சாலைப் பயணம்

தொலைவு மாறாதபோது நேரம் வேகத்துக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், வேகத்தைக் கூட்டக் கூட்ட மிஞ்சும் நேரம் குறைந்துகொண்டே செல்லும். 10 கிமீ பயணத்துக்கு:

வேகம் | நேரம் | மிஞ்சும் நேரம்
40 கிமீ/மணி | 15 நிமிடம் | —
60 கிமீ/மணி | 10 நிமிடம் | 5 நிமிடம்
80 கிமீ/மணி | 7.5 நிமிடம் | 2.5 நிமிடம்
100 கிமீ/மணி | 6 நிமிடம் | 1.5 நிமிடம்

மாறாக, இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. 60 இலிருந்து 80 கிமீ/மணி ஆகும்போது அது 1.78 மடங்காகிறது. மேலும் 80 கிமீ/மணி வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். ஓட்டுநர் இடரைக் கண்டு தடையை அழுத்த ஒரு நொடி எடுத்தால், அத்தொலைவை வண்டி வேகம் குறையாமலேயே கடந்திருக்கும். இரண்டரை நிமிடச் சேமிப்புக்கு ஈடாகக் கொடுக்கப்படும் விலையை இக்கணக்கு காட்டுகிறது.

பொதுவாக நேரும் பிழைகள்

* நிமிடத்தையும் மணியையும் கலந்து பயன்படுத்துதல். 40 நிமிடத்தை 0.40 மணி என எழுதுவது தவறு. அது 2/3 மணி.
* தசம மணியை நிமிடமாகப் படித்தல். 1.5 மணி என்பது 1 மணி 30 நிமிடம்.
* வேகங்களை நேரடியாகக் கூட்டிச் சராசரி காணுதல்.
* பிந்திப் புறப்பட்டதற்குக் கூடுதல் நேரம் தருதல். பிந்திப் புறப்பட்டது ஓடிய நேரம் எப்போதும் குறைவாகவே இருக்கும்.
* வண்டி, பாலம், நடைமேடை ஆகியவற்றின் நீளத்தை விட்டுவிடுதல்.
* கேட்கப்பட்டதற்கு மாறாக வேறொன்றை விடையாக எழுதுதல். க என்பது நேரத்தைக் குறிக்க, கணக்கு தொலைவைக் கேட்டிருக்கலாம்.

வரம்புகள்

இக்கணக்குகளில் வேகம் மாறாதது எனக் கொள்ளப்படுகிறது. உண்மையான வண்டிகள் நின்று கிளம்புகின்றன. வேகம் கூடியும் குறைந்தும் செல்கின்றன. அத்தகைய இயக்கத்துக்கு வே என்பது சராசரி வேகத்தைக் குறிக்கும். வேகம் சீராக மாறினால் முடுக்கம் உள்ளடங்கிய இயக்கச் சமன்பாடுகள் தேவை. வேகம் எவ்வாறேனும் மாறினால் நுண்கணிதம் தேவை. ஆழிப்பேரலையின் வேகமும் கடலின் ஆழத்தைப் பொறுத்து மாறும்: 40 மீட்டர் ஆழத்தில் அது சுமார் 70 கிமீ/மணி மட்டுமே. அதனால் எச்சரிக்கை மையங்கள் கடல்வழியைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் நேரத்தைக் கணித்துக் கூட்டுகின்றன. அச்சிறு பகுதி ஒவ்வொன்றிலும் பயன்படுவது தொலைவை வேகத்தால் வகுக்கும் அதே தொடர்பே ஆகும்.

இவற்றையும் பார்க்க

* இயற்கணிதம்
* ஒருபடிச் சமன்பாடு
* இருபடிச் சமன்பாடு
* இசைச் சராசரி
* சார்பு வேகம்
* ஆரியபட்டீயம்